படியாத முடி: நூல், நெருப்பு, காரம்

முடியைப் பற்றித் தமிழில் கதைக்கும்போது நாங்கள் அடிக்கடி பாவிக்கிற ஒரு வினைச்சொல் 'படிதல்'. எண்ணெய் வைத்தால் முடி படியும். நல்லாத் தண்ணி தொட்டு வாரினால் படியும். சுருட்டை முடிக்காரியைப் பார்த்து, "உனக்கு என்ன வைச்சாலும் படியுதே இல்லை" என்று வீட்டில் சொல்லுவார்கள். இதே சொல்லைத்தான் மனிதர்களுக்கும் பாவிக்கிறோம். சொல்லுக்குப் படியாத பிள்ளை, வழிக்குப் படியாத பெட்டை. முடியும் ஆளும் ஒரே சொல்லுக்குள் வந்து நிற்பது தற்செயல் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது யூரியூப்பில் தேடினால், சூடு இல்லாமல் சுருட்டை முடியை நேராக்குவது எப்படி என்று ஆயிரம் காணொளிகள் வரும். அயன் வேண்டாம், ட்ரையர் வேண்டாம், இரசாயனம் வேண்டாம், இரவில் கட்டிவிட்டுப் படுத்தால் காலையில் நேராகிவிடும் என்கிறார்கள். புதுக் கண்டுபிடிப்பு மாதிரித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த முறைகளில் பல மின்சாரம் வருவதற்கு முந்தியவை. அவற்றுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் பெரும்பகுதி ஆபிரிக்காவிலும், அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் தலைகளிலும் நடந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே கதைக்கப் போகிறோம்.

ஒரு முடிக்குள் நடப்பது

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். பயப்பட வேண்டாம், கலைப்பீடத்துக்காரருக்கும் விளங்கிற அளவில்தான்.

முடி சுருளாக வருமா நேராக வருமா என்பதைத் தோலுக்குக் கீழே இருக்கிற முடிக்குழிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. குழி வளைந்திருந்தால் முடியும் வளைந்து வரும். சுருள் முடியைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் வட்டமாக இராது, நீள்வட்டமாகவோ தட்டையாகவோ இருக்கும். வெளியே வந்த முடி என்பது கெரற்றின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பதில் இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியம்.

ஒன்று ஐதரசன் பிணைப்பு. இது பலவீனமானது, ஆனால் எண்ணிக்கையில் மிக அதிகம். தண்ணீர் பட்டால் அறும், காய்ந்தால் திரும்பப் பிடிக்கும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்திலேயே பிடிக்கும். ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் முடி அலை அலையாக வருவது இதனால்தான். மற்றது இருசல்பைட்டுப் பிணைப்பு. கந்தகத்தால் ஆன பலமான பிணைப்பு இது. தண்ணீரால் இதை ஒன்றும் செய்ய ஏலாது. இதை உடைக்கக் கடுமையான இரசாயனம் வேண்டும்.

1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் அஸ்பரி என்பவர் கம்பளி இழைகளை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். இழை ஈரத்தோடு இழுபடும்போது அதற்குள் இருக்கிற புரதத்தின் அமைப்பே மாறுகிறது, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று காட்டினார். லீட்ஸ் கம்பளி ஆலைகளின் ஊர். ஆட்டு மயிரும் மனித மயிரும் ஒரே புரதம். ஆனால் ஈரம், இழுவை, நேரம் ஆகிய இந்த மூன்றையும் வைத்து முடியின் வடிவத்தை மாற்றலாம் என்பதை ஆய்வுகூடத்துக்கு எவ்வளவோ காலம் முந்தியே பெண்களின் கைகள் அறிந்திருந்தன.

இந்த இரண்டு பிணைப்புகளையும் ஞாபகத்தில் வைத்திருங்கள். தண்ணீரால் திரும்பி வருகிற மாற்றம், திரும்பியே வராத மாற்றம். கீழே வரும் வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடுகிறது.

ஆறு நாள் நூல், ஒரு நாள் முடி

அத்திலாந்திக் கடலைத் தாண்டிக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கர்களில் பலருடைய தலை கப்பல் ஏற்றும்போதே மழிக்கப்பட்டது. மேற்கு ஆபிரிக்கச் சமூகங்கள் பலவற்றில் முடியின் அலங்காரம் ஒருவர் எந்த ஊர், எந்த வயது, மணமானவரா என்பதையெல்லாம் சொல்லும். அதை மழிப்பது ஒரு அடையாள அட்டையைக் கிழிக்கிற மாதிரி. பிறகு தோட்டங்களில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை வேலை. சீப்பு இல்லை, எண்ணெய் இல்லை, நேரமும் இல்லை. ஆட்டு உரோமம் கோதுகிற கம்பிப் பலகையால் தலை வாரினார்கள். எண்ணெய்க்குப் பதிலாகப் பன்றிக் கொழுப்பு, வெண்ணெய் என்று கிடைத்ததைப் பூசினார்கள்.

1936க்கும் 1938க்கும் இடையில் அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் ஒன்று, அடிமைகளாக இருந்து உயிரோடு எஞ்சிய 2,300க்கும் மேற்பட்ட முதியவர்களைச் சந்தித்து அவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தது. அந்தப் பதிவுகளில் முடியைப் பற்றிய ஒரு விபரம் வருகிறது. வாரம் முழுக்கப் பெண்கள் தங்கள் முடியைப் பிரித்துப் பிரித்து நூலாலோ துணிக் கீலத்தாலோ சுற்றிக் கட்டி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடியிருப்பார்கள். ஞாயிறு தேவாலயத்துக்குப் போகும்போது, அல்லது ஒரு கலியாணத்துக்குப் போகும்போது, அந்த நூலை அவிழ்ப்பார்கள். அவிழ்த்த முடி நீண்டு, சிக்கு இல்லாமல், வாரக்கூடியதாக இருக்கும்.

சூடு இல்லாமல் முடி நேராக்குவது என்று இன்று சொல்கிற முறை இதுதான். அடியிலிருந்து நுனிவரை நூல் சுற்றி இழுத்துப் பிடிக்கிறது. ஈரமும் கொழுப்பும் முடியை இளக்குகின்றன. மிச்சத்தை ஆறு நாட்கள் செய்கின்றன.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். எசமானின் நேரான முடிதான் அழகு என்று ஏற்றுக்கொண்டு அதை நோக்கி இழுத்த முடி என்று ஒருவர் சொல்லலாம். ஆறு நாள் உடம்பு இன்னொருவனின் சொத்து, ஏழாம் நாள் தலையாவது என்னுடையது என்று எடுத்துக்கொண்ட உரிமை என்று இன்னொருவர் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் கூடப் பொருந்துவதாகத் தெரிகிறது. ஏனென்றால் நூல் சுற்றுவது தோட்டத்தில் கற்ற வித்தை இல்லை. அது ஆபிரிக்காவிலிருந்து கையோடு வந்தது.

அந்த முடிக்கு அதிகாரம் பயந்தும் இருக்கிறது. 1786இல், லூசியானா ஸ்பானியர் ஆட்சியில் இருந்தபோது, ஆளுநர் எஸ்தபான் மிரோ ஒரு கட்டளை போட்டார். சுதந்திரமான கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தங்கள் முடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும், இறகு நகை ஒன்றும் தலையில் வைக்கக்கூடாது. அவர்களுடைய அலங்காரம் அவர்களை வெள்ளைப் பெண்களுக்குச் சமமாகக் காட்டுகிறது என்பதுதான் பிரச்சினை. பெண்கள் கட்டளைக்குப் படிந்தார்கள். ஆனால் கட்டிய துணி பளிச்சென்ற நிறங்களில், உயரமாக, மடிப்பு மடிப்பாக இருந்தது. தண்டனையாக வந்த துணி நாகரிகமாக மாறிப் போனது.

லாகோஸில் உயர்ந்த வீடுகள்

நூல் வந்த இடத்தையும் ஒருக்கால் பார்க்க வேண்டும். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் முடி அலங்காரத்துக்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று 'இருன் டிடி', தலையோடு ஒட்டிப் பின்னுவது. மற்றது 'இருன் கிகோ', நூல் சுற்றுவது. முடியைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் கறுப்பு நூலால் இறுக்கிச் சுற்றினால் அது கம்பி மாதிரி விறைத்து நிற்கும். அந்தக் கம்பிகளை வளைக்கலாம், கோபுரமாகக் கட்டலாம், ஒன்றோடொன்று கோர்க்கலாம்.

ஜே. டி. ஒக்காய் ஒஜெய்கெரே என்ற நைஜீரியப் புகைப்படக் கலைஞர் 1968இலிருந்து இந்த அலங்காரங்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார். தெருவில், கலியாண வீடுகளில், அலுவலகங்களில் என்று பல வருடங்கள் தொடர்ந்து ஏறக்குறைய ஆயிரம் படங்கள் எடுத்தார். பெரும்பாலானவற்றில் முகம் இல்லை, பின்தலை மட்டும்தான். 1960இல் சுதந்திரம் பெற்ற நாடு அது, லாகோஸில் புதுக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்து நூல் அலங்காரம் ஒன்றின் பெயரே 'ஒனிலே கொகோரோ'. உயர்ந்த வீடு என்கிற பொருளில் வைத்த பெயர்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே நூல் முடியை நேராக இழுக்கிறது, ஆனால் நேரான முடி வேண்டும் என்பதற்காக இல்லை. நீளத்தை வெளியே கொண்டு வருவதற்காக, உருவம் கட்டுவதற்காக. ஒரே கைவேலைக்குத் தோட்டத்தில் ஒரு பொருள், லாகோஸில் இன்னொரு பொருள்.

நெருப்பு

அடிமை முறை 1865இல் சட்டப்படி முடிந்தது. சந்தை தொடங்கியது. நகரத்துக்கு வந்த கறுப்பினப் பெண்ணிடம் வாரம் முழுக்க நூல் கட்டிக்கொண்டு இருக்க நேரமில்லை. வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ 'ஒழுங்கான' தலையோடு வர வேண்டும் என்பது எழுதாத சட்டம். பிரான்சில் மார்செல் கிறாட்டோ 1870களில் சூடாக்கிய இரும்பால் முடிக்கு அலை போடுகிற முறையைப் பிரபலமாக்கியிருந்தார். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் குசினிகளில் சூடாக்கிய சீப்பு வந்தது. அடுப்பில் வைத்து, எண்ணெய் பூசிய முடியில் இழுத்தால் சில நிமிடத்தில் முடி நேராகும். காதோரம் சுடும். வேர்த்தால், மழையில் நனைந்தால் முடி பழையபடி சுருண்டுவிடும். மழைக்கும் நீச்சலுக்கும் பயந்த ஒரு தலைமுறையை அந்தச் சீப்பு உருவாக்கியது.

இந்தச் சீப்பைக் கண்டுபிடித்தவர் மேடம் சி. ஜே. வோக்கர் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது சரியில்லை. அவர் வருவதற்கு முன்பே சீப்பு இருந்தது. வோக்கரின் கதை அதைவிடச் சிக்கலானது. 1867இல் லூசியானாவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குச் சாரா பிரீட்லவ் என்ற பெயரில் பிறந்தார். ஏழு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்தார். செயின்ட் லூயிஸ் நகரத்தில் நாளுக்கு ஒரு டொலரை ஒட்டிய கூலிக்கு உடுப்புத் தோய்த்தார். காரச் சவர்க்காரமும் கொதி தண்ணியும்தான் அவருடைய வாழ்க்கை. முடி கொட்டத் தொடங்கியது. அந்த நகரத்தில் அனி டேர்ன்போ மலோன் என்ற கறுப்பினப் பெண் 'போரோ' என்ற பெயரில் முடி வளரும் மருந்து விற்றுக்கொண்டிருந்தார். சாரா அவருடைய விற்பனைப் பெண்ணானார். பிறகு 1906இலிருந்து தன் சொந்தப் பெயரில், அதாவது கணவரின் பெயரில், தொழில் தொடங்கினார்.

வோக்கர் தன்னை முடி நேராக்குபவர் என்று சொல்ல விரும்பவில்லை. தான் விற்பது தலைத்தோலுக்கான சிகிச்சை, முடி வளர்ப்பு என்றுதான் வலியுறுத்தினார். ஆனால் அவருடைய முறையில் சூடான சீப்பும் இருந்தது. விமர்சனமும் இருந்தது. நானி ஹெலன் பரோஸ் என்ற ஆசிரியை 1904இலேயே தோலை வெளுக்கிற, முடியை நேராக்குகிற பழக்கத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தார். புக்கர் டி. வொஷிங்டன் 1912 சிகாகோ வர்த்தக மாநாட்டில் வோக்கருக்கு மேடை கொடுக்கத் தயங்கினார். அவர் கேட்காமலே எழும்பிப் பேசினார்.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வோக்கரின் முகவர்கள் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள். உடுப்புத் தோய்க்கிறதை விட்டால் வேறு வேலை இல்லாத காலத்தில் அவர்கள் சொந்தக் காலில் நின்றார்கள். 1917இல் பிலடெல்பியாவில் அவர்களை ஒன்றுகூட்டியபோது, கறுப்பினத்தவரைக் கூட்டாகக் கொலை செய்வதற்கு எதிராக ஜனாதிபதி வில்சனுக்கு அந்த மாநாட்டிலிருந்து தந்தி போனது. முடி நேராக்குகிற பெண்கள் அரசியலில் படிந்த பெண்கள் என்று நினைத்தால், இந்த இடத்தில் நாங்கள் பிழைத்துப் போவோம்.

காரம்

கறட் மோர்கன் என்ற பெயரை விஞ்ஞானப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். 1923இல் வீதிச் சமிக்ஞை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர். அவர் தையல் மெசின் திருத்துகிற கடை வைத்திருந்தார். ஊசி சூடாகித் துணி கருகாமல் இருக்க ஒரு திரவம் செய்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அது துணியின் மயிர் இழைகளை நேராக்குவதைக் கண்டார் என்று அவருடைய கதை சொல்கிறது. பக்கத்து வீட்டு நாயில் பரிசோதித்தாராம், பிறகு தன் தலையிலும். அதையே முடி நேராக்கும் கிரீமாக விற்றார்.

1920களிலிருந்து ஆண்களிடம் 'கொங்க்' என்ற தலை பரவியது. சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது எரிசோடா, அதோடு உருளைக்கிழங்கு, முட்டை. வீட்டிலேயே கலக்குவார்கள். தலையில் பூசினால் நெருப்பு மாதிரி எரியும். தாங்கும் வரை தாங்கிவிட்டுக் கழுவ வேண்டும். தாமதித்தால் தோல் போய்விடும். அந்தக் காலத்து இசைக் கலைஞர்கள் பலரின் பளபளக்கும் தலை இப்படி வந்ததுதான். மல்கம் எக்ஸ் தன் 1965 சுயசரிதையில் தன்னுடைய முதல் கொங்க்கை விபரமாகச் சொல்லி, வெள்ளைக்காரன் மாதிரித் தெரிவதற்காகத் தன் உடம்பைத் தானே எரித்துக்கொண்ட அந்த நாளைத் தன்னை இழிவுபடுத்திக்கொண்ட முதல் பெரிய படியாகக் காண்கிறார்.

காரம் செய்வது என்ன? நூலும் நெருப்பும் தொடாத இருசல்பைட்டுப் பிணைப்பை அது உடைக்கிறது. உடைந்த இடத்தில் வேறு பிணைப்பு உருவாகிறது, பழையபடி திரும்பாது. மழைக்குப் பயமில்லை. ஆனால் வேரிலிருந்து புது முடி சுருளாகத்தான் வரும். அதனால் ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருக்கால் திரும்பவும் பூச வேண்டும். ஒரு தலை வாழ்நாள் வாடிக்கையாளராகிறது.

1954இல் சிகாகோவில் ஜோர்ஜ் ஜோன்சன் தொடங்கிய கொம்பனி இந்தக் காரத்தைக் கிரீமாக்கிப் பெட்டியில் போட்டது. 1971இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் கறுப்பினக் கொம்பனி அது. 1975இல் அரசின் வர்த்தக ஆணைக்குழு, பெட்டியில் எரிசோடா பற்றிய எச்சரிக்கையைப் போடச் சொல்லி அதைக் கட்டாயப்படுத்தியது. போட்டியாளரான ரெவ்லோனுக்கு அதே கட்டுப்பாடு பிறகுதான் வந்தது. எச்சரிக்கை தேவையானதுதான். அது முதலில் யாருடைய பெட்டியில் ஒட்டப்பட்டது என்பதும் வரலாறுதான்.

'மென்மை' என்று விற்ற பெட்டி

1960களின் கடைசியில் அஃப்ரோ வந்தது. முடியை இயற்கையாக விடுவது அரசியல் அறிவிப்பானது. ஜேம்ஸ் பிரவுன் 1968இல் தன் நேராக்கிய முடியை விட்டார். 1970இல் எஃப்.பி.ஐ. ஒட்டிய தேடப்படுவோர் சுவரொட்டியில் இருந்த ஏஞ்சலா டேவிஸின் அஃப்ரோ உலகம் முழுக்கப் போனது. ஒரு சின்ன விசயம்: பெரிய வட்டமான அஃப்ரோ வேண்டும் என்றால் பலர் இரவில் முடியைப் பின்னிக் கட்டிவிட்டுத்தான் படுத்தார்கள். காலையில் அவிழ்த்துக் கோதினால் முடி நீண்டு நிற்கும். ஆக, நேரான முடிக்கு எதிரான அந்தத் தலைக்கும் பழைய இழுவை வித்தை தேவைப்பட்டது.

பிறகு சந்தை திரும்ப வந்தது. இந்த முறை ஒரு புதுச் சொல்லோடு. எரிசோடா இல்லாத, மென்மையான நேராக்கி. கல்சியம் ஐதரொட்சைட்டோடு இன்னொரு பொருளைக் கலந்து செய்வது அது. எரிச்சல் கொஞ்சம் குறைவு. ஆனால் அதுவும் கடும் காரம்தான், அதே பிணைப்பைத்தான் உடைக்கிறது, முடியைக் கூட வறளவும் வைக்கிறது. சிறுமிகளுக்கென்று தனிப் பெட்டிகள் வந்தன, மேலே சிரிக்கும் சிறுமியின் படத்தோடு. பெட்டியில் மென்மை என்று போட்டிருந்தால், எதைவிட மென்மை என்று கேட்க வேண்டும்.

2022 ஒக்ரோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு. 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தது. இரசாயன நேராக்கிகளைப் பாவிக்காத பெண்களில் 70 வயதுக்குள் இந்த நோய் வரக்கூடியவர்கள் 1.64 வீதம் என்றும், அடிக்கடி பாவித்தவர்களில் 4.05 வீதம் என்றும் கணித்தார்கள். இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வு, காரணத்தை நிரூபிக்கிற ஆய்வு இல்லை. நோயும் பொதுவாக அரிது. ஆனால் அந்த ஆய்வில் முந்திய வருடத்தில் நேராக்கி பாவித்ததாகச் சொன்னவர்களில் ஏறக்குறைய 60 வீதமானோர் கறுப்பினப் பெண்கள். ஆபத்து எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை.

திரும்பி வந்த நூல்

2000களுக்குப் பிறகு இணையத்தில் இயற்கை முடிப் பெண்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். பாட்டிமாரின் வித்தைகள் காணொளிகளாக வந்தன. எங்கள் திரைக்கு வருகிற சூடில்லாத முறைகளின் ஊற்று பெரும்பாலும் அதுதான். இன்று அவை மூன்று நாலு வடிவங்களில் இருக்கின்றன.

ஒன்று, நூல் சுற்றுவது. இரண்டு, நூலுக்குப் பதிலாகத் துணி சுற்றிய ரப்பர் பாண்டுகளை அடியிலிருந்து நுனிவரை இடைவெளி விட்டுப் போடுவது. மூன்று, பெரிய உருளைகளில் ஈர முடியைச் சுற்றிக் காயவிடுவது. 1960களில் நேரான முடி நாகரிகமானபோது அமெரிக்காவில் வெள்ளைப் பெண்களும் பழரசத் தகரங்களையே உருளையாகப் பாவித்தார்கள். நான்கு, தலையைச் சுற்றி முடியைப் படிய வாரி, ஊசி குத்தி, வலையோ துணியோ கட்டிப் படுப்பது. டொமினிக்கன் குடியரசில் இதைத் 'துபி' என்பார்கள். உருளையில் நேராக்கிய முடி குலையாமல் இருக்க அங்கே இது அன்றாடப் பழக்கம்.

நாலிலும் விதி ஒன்றுதான். முடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கக்கூடாது, ஈரப்பதமாக இருக்க வேண்டும். சிக்கை விரலாலும் அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேலே எடுக்க வேண்டும். முழுதாகக் காய்ந்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். வேரில் இறுக்கிக் கட்டக்கூடாது. தொடர்ந்து இழுபட்டால் நெற்றியோர முடி நிரந்தரமாகவே போய்விடும். சூடில்லை, இரசாயனம் இல்லை என்பதற்காக எல்லாம் மென்மையாகிவிடாது.

எதிர்பார்ப்பிலும் நேர்மை வேண்டும். கண்ணாடி மாதிரி நேரான முடி இதில் வராது. சுருள் இளகும், நீளம் தெரியும், அவ்வளவுதான். தேங்காய்ப் பாலும் தேசிக்காயும் பூசினால் முடி நேராகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். பூசினால் முடி பாரமாகிப் பளபளக்கலாம், ஆனால் உள்ளே இருக்கிற பலமான பிணைப்பை அவை தொடாது. அதோடு எங்கள் நாட்டுக் காற்று. ஐதரசன் பிணைப்புக்கு மழை தேவையில்லை, ஈரக் காற்றே போதும். இரவு முழுக்கக் கட்டி எடுத்த முடியோடு வெள்ளவத்தைக் கடற்கரையில் அரை மணித்தியாலம் நடந்தால், முடி தன் பழைய குணத்துக்கு வந்துவிடும்.

யாருக்குப் படிய வேண்டும்?

இனவொதுக்கல் கால தென்னாபிரிக்காவில் பென்சில் சோதனை என்று ஒன்று இருந்தது. 1950இன் குடித்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஒரு இனத்துக்குள் போட்டது. சந்தேகம் வந்தால் அதிகாரி முடிக்குள் பென்சிலைச் செருகுவார். விழுந்தால் வெள்ளை. சிக்கிக்கொண்டால் இல்லை. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளிக்கூடம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பென்சில் விழுகிறதில் இருந்தது. ஒரே குடும்பம் இரண்டு இனமானதும் நடந்தது. அந்தச் சட்டம் போய் 25 வருடங்கள் கழித்து, 2016இல், பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் பாடசாலையில் கறுப்பின மாணவிகள் முடி விதிகளுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். முன்னுக்கு நின்றவள் அஃப்ரோவோடு கைகளை உயர்த்திக் குறுக்காகப் பிடித்த 13 வயது மாணவி. 2019 ஜூலையில் கலிபோர்னியா, முடியின் இயல்பை வைத்து வேலையிலோ பாடசாலையிலோ பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிற 'கிரௌன்' சட்டத்தை முதலில் கொண்டு வந்தது. அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அப்படிச் செய்திருக்கின்றன. சட்டம் வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்கிறது.

எங்களிடம் பென்சில் சோதனை இருக்கவில்லை. அவர்களின் வரலாற்றை எங்களுடையது என்று எடுத்துக்கொள்ளவும் ஏலாது. ஆனால் 'பரட்டை' என்ற சொல் எங்களிடம் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய இரட்டைப் பின்னல்தான் ஒழுக்கமான மாணவியின் அடையாளம் என்ற எண்ணம் இருக்கிறது. கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் சலூனில் ரீபொண்டிங் செய்வது இருக்கிறது. ரீபொண்டிங் என்ற பெயரையே பாருங்கள், பிணைப்பை உடைத்துத் திரும்பப் பிணைப்பது. இத்தனைக்கும் எங்கள் பழைய நிகண்டுகள் கூந்தலை 'ஐம்பால்' என்று ஐந்து வகையாகச் சொல்லும்போது அதில் ஒன்று சுருள். முடி, கொண்டை என்பவற்றோடு சுருளும் ஒரு அழகாகவே எண்ணப்பட்டிருக்கிறது.

முடியை நேராக்குவது பிழை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வோக்கரின் முகவர்களும், லாகோஸ் பெண்களும், ஞாயிறு காலையில் நூல் அவிழ்த்த அந்தப் பெண்களும் அப்படி ஒரு தீர்ப்பை ஏற்க மாட்டார்கள். ஒரு நாள் நேராக, ஒரு நாள் சுருளாக இருக்க யாருக்கும் உரிமை உண்டு. வரலாறு எங்களுக்குத் தருவது இரண்டு கேள்விகள்தான். முதலாவது, இந்த முறை தண்ணீர் பட்டால் என் முடியை எனக்குத் திருப்பித் தருமா? நூல் தரும், உருளை தரும். நெருப்பு அளவோடு இருந்தால் தரும். காரம் தராது. இரண்டாவது, திரும்பி வந்த முடியோடு நாளைக்கு வகுப்புக்கும் நேர்முகப் பரீட்சைக்கும் கலியாண வீட்டுக்கும் போக ஏலுமா?

முதல் கேள்விக்குப் பதில் இரசாயனவியலில் இருக்கிறது. இரண்டாவதுக்கான பதில் எங்கள் பாடசாலைகளிடமும், வேலை தருபவர்களிடமும், பெண் பார்க்க வருகிற வீடுகளிடமும் இருக்கிறது. அங்கே இல்லை என்ற பதில் வரும்வரை, எவ்வளவு மென்மையான முறையில் நேராக்கினாலும் அது முழுதாக எங்கள் விருப்பம் என்று சொல்ல ஏலாது.